மவுசாகலை ஓடைமுனையில் எங்களோடு சேற்றில் நின்றவர்களுக்கு

அன்பான உறவுகளுக்கு,

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடை மவுசாகலை நீர்த்தேக்கத்தில் விழும் இடத்தில் நாம் கட்டிய குப்பை மறிக்கும் மிதவை வலை, மழையைத் தாங்கி நிற்கிறது. அது யார் யாருடைய அறிவால் நிற்கிறது என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும். வேறு தோட்டங்களில் இந்த வேலையைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று அளவுகளோடு எழுதுகிறோம்.

முதல் நன்றி கொழும்பு முகத்துவாரத்து மீனவ அண்ணன்மாருக்கு. மவுசாகலைத் தண்ணீர் கெனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய மின் நிலையங்களைக் கடந்து, களனி கங்கையாகி, அவர்கள் வாசலில்தான் கடலில் சேர்கிறது. கொழும்பில் கடை வேலைக்குப் போன நம் பிள்ளைகள் கேட்டதும் பழைய நைலோன் வலையையும் கயிற்றையும் தந்தார்கள். அதைவிடப் பெரிது அவர்கள் சொல்லித்தந்த கட்டுமுறை. அங்கே கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இறங்கும். ஏற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் கயிற்றை விறைப்பாகக் கட்டினால் தண்ணீர் ஏறும்போது மிதவை அமிழும், இறங்கும்போது அந்தரத்தில் தொங்கும். நீர்த்தேக்கத்தில் வற்றுப்பெருக்கு இல்லை. ஆனால் மழைக்கும் மின் உற்பத்திக்கும் ஏற்ப மட்டம் பல மீற்றர் மாறுகிறது. அதனால் கயிற்று முனையை ஒரு இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தைக் கம்பத்தில் மாட்டச் சொன்னார்கள். தண்ணீரோடு வளையமும் ஏறி இறங்குகிறது. கம்பத்தின் அடிவரை மட்டம் இறங்கினால், சரிவில் கீழே நட்டிருக்கும் இரண்டாவது சோடிக் கம்பத்துக்கு மாற்றிவிடுகிறோம்.

கம்பங்களைச் செய்து தந்த வெல்டிங் கடைத் தம்பிக்கு நன்றி. 2 அங்குல இரும்புக் குழாய், 10 அடி நீளம், அதில் 4 அடி மண்ணுக்குள். வளையம் 4 அங்குலம். குழாயோடு ஒட்டினாற்போல் இருந்தால் துருவும் சருகும் சேர்ந்து வளையம் இறுகி நின்றுவிடும் என்று அவர்தான் பெரிதாகப் போட்டார். மரத்தில் கட்டினால் செலவில்லையே என்று பலர் கேட்டார்கள். ஓடைக்கரை மண் இளகினது. குப்பை நிறைந்த வலையை வெள்ளம் இழுக்கும்போது மரத்தோடு கரையும் சேர்ந்து வந்துவிடும்.

நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கும் சிங்களக் கிராமத்துச் சகோதரர்கள் வள்ளம் தந்தார்கள், கூலி வாங்கவில்லை. வலையை அடிவரை இறக்க வேண்டாம், ஒரு அடி போதும், கீழே மீனுக்கு வழி விடுங்கள் என்று சொன்னவர்களும் அவர்களே. வலையின் கண் 2 அங்குலம். அதைவிடச் சிறிய கண்ணில் தேயிலைச் சருகு அடைத்து வலையே அணையாகிவிடும், அடுத்த மழையில் அறுந்துவிடும். ஓடைக்குக் குறுக்கே நேராகவும் கட்டக்கூடாது. நேராகக் கட்டினால் குப்பை நடுவில் குவிந்து, கயிறு வளைந்து, எல்லாம் மேலால் பாய்ந்துவிடும். சாய்வாகக் கட்டியதால் மிதந்து வருவது ஒரு கரையில் ஒதுங்குகிறது, நின்று அள்ளலாம். மிதவைக்கு மூடி இறுக்கிய ஒன்றரை லீற்றர் போத்தல்கள். வெயிலில் நொறுங்கும் என்பதால் அவ்வப்போது தட்டிப் பார்த்து மாற்ற வேண்டும்.

கொழுந்து பறித்து, நிறுவை முடிந்து, களைத்த கையோடு வந்த அக்காமாருக்கும் பெரியம்மாமாருக்கும் எப்படி நன்றி சொல்வது? ஓடைக்கு மேலே இருக்கும் மலையில் தூர்ந்துபோன கான்களை, அதாவது மழைநீர் வடிகால்களை, திறந்தது அவர்கள்தான். குப்பையை வலை மறிக்கும், மண்ணை மறிக்காது. மண்ணைக் கானில்தான் நிறுத்த முடியும். பழைய முறைப்படி 120 அடிக்கு 1 அடி சரிவு, இடையிடையே மண் குழியும் குறுக்குத் தடுப்பும். தடுப்பின் தலை கானின் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்துவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் உடைத்துக்கொண்டு மலையையே அரிக்கும். இதை அவர்கள் கண்பார்வையிலேயே பிடித்தார்கள். அள்ளிய மண்ணைத் தேயிலைச் செடிகளின் அடியில் பரப்பிச் சருகால் மூடிய பிறகே வீட்டுக்குப் போனார்கள்.

காலில் வெட்டுக்காயம் இருந்தவர்களைச் சேற்றில் இறங்கவிடாத பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயாவுக்கு நன்றி. எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியாக உடலுக்குள் போகும். சப்பாத்தும் கையுறையும் இரவல் தந்த கடைக்காரர்களுக்கும் நன்றி.

தண்ணீர் வற்றியிருந்த நாட்களில் பழைய மஸ்கெலியா நகரின் எச்சங்களை அடையாளம் காட்டிய தாத்தாமாரை மறக்க முடியாது. 1960களின் கடைசியில் அணை கட்டி முடிந்தபோது மூழ்கிய ஊர் அது. கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் வரட்சிக்குத்தான் வெளியே தெரியும். அந்தச் சுவர்களில் கயிறு கட்டாதீர்கள், ஒரு கல்லைக்கூட எடுத்து வராதீர்கள் என்று அவர்கள் கேட்டதைப் பிள்ளைகள் அப்படியே கேட்டார்கள். வற்றிய சேறு மேலே வெடித்துக் காய்ந்திருந்தாலும் உள்ளே கூழாகவே இருக்கும், பலகை போடாமல் கால் வைக்கக்கூடாது என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

பிரதேச சபைத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் லொறி தந்தவருக்கும் தனி நன்றி. நனைந்த குப்பையை அப்படியே ஏற்றினால் லொறி சுமப்பது பாதி தண்ணீர்தான். ஓட்டை போட்ட உரச் சாக்குகளில் இரவு முழுக்க வடியவிட்டு ஏற்றச் சொன்னார்கள். போத்தலின் மூடியைக் கழற்றினால்தான் நசுக்க முடியும், சேறு கழுவினால்தான் பழைய பொருள் கடையில் எடுப்பார்கள். பம்பர்ஸைத் தனிச் சாக்கில் கட்ட வேண்டும். 2017இல் தடை வந்த, சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீட் இன்னமும் வலையில் சிக்குகிறது, அதை யாரும் வாங்கமாட்டார்கள். எரிக்காமல் சபை லொறியிலேயே அனுப்புகிறோம்.

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவகாலம் மார்கழிப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி வெசாக் போயாவில் முடியும். அந்த மாதங்களில் யாத்திரிகர் மலையேறும் நல்லதண்ணிப் பக்கமிருந்து போத்தல்கள் கூடுதலாக வரும், வாரத்தில் இரண்டு தடவையாவது அள்ள வேண்டும். தென்மேல் பருவமழைக்கு முன் வளையங்களுக்குக் கிரீஸ் பூசி, நைந்த கயிற்றை மாற்ற வேண்டும். 12 மில்லிமீற்றர் நைலோன் கயிறு யாரிடமாவது மிச்சம் இருந்தால், சித்திரை வருசத்துக்குள் பிள்ளைமடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓடைக்கரை லயத்துக் குடும்பங்கள்,
மஸ்கெலியா