முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை, சித்தி

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அனுமதியுடன், பெயரும் ஊரும் குறிப்பிடாமல், இக்கடிதத்தைப் பொதுவில் எழுதுகிறேன்.

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த உங்கள் கழுத்திலிருந்து தாலிச் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துச் சென்று ஏழு வாரங்கள் ஆகின்றன. கழுத்துக் காயம் ஆறிவிட்டது, மஞ்சள் கயிறு கட்டியாயிற்று, முதல் தகவல் அறிக்கையும் பதிவாகிவிட்டது. ஆனாலும் நீங்கள் இன்னும் வாசல் பக்கம் வருவதில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டதும் உங்கள் கை தானாகவே கழுத்துக்குப் போவதைப் போன வாரம் பார்த்தேன். "உயிருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று வந்தவர்கள் எல்லாரும் ஆறுதலாகத்தான் சொன்னார்கள், ஆனால் அதற்குப் பிறகு உங்கள் பயத்தைப் பேச இடமே இல்லாமல் போய்விட்டது. சிலர் சகுனம் பேசியதை அறிந்து எனக்கு மிகுந்த வேதனை உண்டானது. குற்றம் செய்தவன் எங்கோ இருக்க, அதன் பழியை உங்கள் நெற்றியில் ஒட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

இத்தகைய நடுக்கமும் கெட்ட கனவும் முதல் சில வாரங்களில் பலருக்கும் வந்து தாமாகவே அடங்குவதுண்டு. ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கும்போதுதான் உதவி தேவைப்படுகிறது. இணையவழி மனநல ஆலோசனையைப் பற்றி நான் சொன்னபோது, "காவல் நிலையத்தில் மூன்று முறை சொல்லியாயிற்று, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல என்னால் முடியாது" என்றீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இக்கடிதம்.

எங்கள் வீட்டில் இரவில் திருடன் புகுந்த பிறகு நான் முதலில் பார்த்த ஆலோசகர், திரையில் முகம் தெரிந்த பத்து நிமிடத்திற்குள் அன்றிரவு நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன், அதன்பின் ஒரு வாரம் தூங்கவில்லை. குற்றமோ விபத்தோ நடந்த உடனே ஒருவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை பின்னாளைய பாதிப்பைத் தடுப்பதில்லை என்பதால், அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது. முதல் மாதத்தின் பதற்றத்திற்கும் தூக்கமின்மைக்கும் பென்சோடயசபின் வகை மாத்திரைகள் வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. சித்தப்பா கடையில் வாங்கி வைத்திருக்கும் தூக்க மாத்திரையை, தயவுசெய்து, மருத்துவரிடம் கேட்காமல் தொடர வேண்டாம்.

இரண்டாவதாகப் பார்த்தவர் வேறுவிதமாகத் தொடங்கினார். அறைக் கதவு சாத்தியிருக்கிறதா, பேசுவது வேறு யார் காதிலாவது விழுமா, இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் அழைக்கலாம், எனக்கு மிகவும் முடியாமல் போனால் அருகில் யாரை வரச்சொல்லலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேமராவை அணைத்துக்கொள்ளவும் பாதியில் நிறுத்தவும் எனக்கு உரிமை உண்டு என்று முதலிலேயே சொன்னார். யாராவது அறைக்குள் வந்தால் நான் சொல்ல வேண்டிய சொல் ஒன்றைக்கூட முடிவுசெய்தோம். "குழம்பு அடுப்பில் இருக்கிறது" என்றால் அவர் உடனே பேச்சை மாற்றிவிடுவார். முதல் மூன்று வாரங்களும் பாதத்தைத் தரையில் ஊன்றி மூச்சை நிதானப்படுத்தவும், கண்ணெதிரே உள்ள பொருள்களைப் பெயர்சொல்லி மனத்தை இந்த நேரத்துக்குக் கொண்டுவரவும் பழகினோமே தவிர, திருடனைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மனக்காயத்தை உணர்ந்து அளிக்கும் சிகிச்சை என்பது இதுதான். நடந்த நிகழ்வை எதிர்கொள்ளும் கட்டமும் அதில் உண்டு, ஆனால் அது எப்போது, எவ்வளவு என்பதை நீங்களும் சேர்ந்துதான் தீர்மானிப்பீர்கள். அந்தக் காலை நேரத்தில் உங்களிடமிருந்து பிடுங்கப்பட்டது நகை மட்டுமல்ல என்பதால் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

திரைவழியாகச் செய்வது இரண்டாந்தரம் என்ற ஐயம் உங்களுக்கு இருக்கலாம். பிரிட்டனில் ஒற்றை நிகழ்வால் லேசான அல்லது மிதமான மனப் பாதிப்புக்கு உள்ளான 196 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், சிகிச்சையாளரின் துணையோடு இணையவழியில் செய்த பயிற்சி நேரில் அளித்ததற்குக் குறைவில்லாத பலனை 16ஆம் வாரத்தில் தந்தது. எல்லாருக்கும் இது பொருந்தாது. அடிப்பவன் அதே வீட்டில் இருந்தால் தொலைபேசியே ஆபத்தாகிவிடும். உங்கள் வீட்டில் அந்த அச்சம் இல்லை.

தொடக்கத்திற்கு, தொலைபேசிவழி மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவை இலவசம், இரவிலும் உண்டு, தமிழிலும் பேசலாம். தொடர்ந்து பார்க்க மருத்துவ உளவியலாளரைத் தேர்ந்தெடுத்தால், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்; கேட்பதில் தவறில்லை. குறிப்புகளை யார் பார்ப்பார்கள், உரையாடல் பதிவு செய்யப்படுமா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். அடையாள அணிவகுப்புக்குக் காவல் துறை அழைத்தால் தேதியை உங்கள் உளவியலாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். யாரை அடையாளம் காட்டுவது என்பதில் அவர் தலையிட மாட்டார், அன்று காலையையும் அன்றிரவையும் எப்படிக் கடப்பது என்பதற்கு உதவுவார்.

சித்தப்பா வேலைக்குப் போயிருக்கும் வியாழக்கிழமை காலையில் வருகிறேன். உங்கள் அறையில் நீங்கள் பேசி முடிக்கும்வரை நான் கூடத்தில்கூட இருக்காமல் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வருவேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்