செல்வத்துக்கு: ஈலமிய மொழி பற்றி

அன்புள்ள செல்வம்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். கோபப்படாதே லே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தங்கராசு மறுபடியும் கோழிப்பண்ணை போடுகிறானாம், மீதியை நீயே ஊகித்துக்கொள்.

எழுத வந்தது வேறு விஷயம். பேச்சுப் போட்டியில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ‘ஈரானில் அழிந்துபோன ஈலமிய மொழி தமிழின் உடன்பிறப்பு, நிரூபிக்கப்பட்ட உண்மை’ என்று முழங்கி முதல் பரிசு வாங்கிவிட்டாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான். எனக்குச் சொன்னது நீ, அந்தக் கல்லூரி விடுதி மொட்டைமாடியில். அது உண்மைதானா என்ற சந்தேகத்தில், போட்டி முடிந்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடுமுறை முழுக்க அதையே படித்தேன். நம்ம இடையன்குடி கால்டுவெல் 1856லேயே ஈரானில் மூன்று மொழிகளில் வெட்டிய பெஹிஸ்துன் பாறைக் கல்வெட்டின் இரண்டாம் மொழியைத் திராவிடத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். அதுதான் ஈலமியம். அமெரிக்க மொழியியலாளர் மெக்ஆல்பின் இந்த உறவுக்காக 1981இல் தனி நூலே போட்டார். அவர் சொல்வதில் மயங்காமல் இருக்க முடியாது. ‘நீ’ என்பதற்கு ஈலமியத்தில் முதலில் ‘நி’, பிறகு ‘நு’. ‘சுங்கி’ என்றால் அரசன். ‘சுங்கிக்’ என்றால் அரசனாகிய நான், ‘சுங்கிர்’ என்றால் அரசனாகிய அவன். நம் ‘அடியேன்’ ஞாபகம் வருகிறதா? பெயர்ச்சொல்லின் வாலிலேயே ‘நான்’ ஒட்டிக்கொள்கிறதே, அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் சிலிர்ப்பு சான்று ஆகாது, செல்வம். திராவிட மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி இந்த உறவை ஏற்கவில்லை. ரஷ்ய மொழியியலாளர் ஜார்ஜ் ஸ்டாரோஸ்டின் 2002இல் அடிப்படைச் சொற்களை ஒப்பிட்டுப் பார்த்தார். திராவிடத்தோடு தனி நெருக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஈலமியத்தை எழுதியது ஆப்பெழுத்தில், அதாவது களிமண்ணில் ஆப்பு வடிவக் கோடுகளாகப் பதிக்கும் எழுத்தில். அதில் ஒலிகள் பாதி மங்கித்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இப்போதைக்குப் பெரும்பாலான அறிஞர்கள் அதை உறவு தெரியாத தனிமொழி என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஈலம்–ஈழம் என்று நீ கோடு இழுப்பாயே, அதையும் விட்டுவிடு. ஈலம் என்பது அந்த நாட்டுக்குப் பிறர் இட்ட பெயர். ஈலமியர் தங்கள் நாட்டை ஹல்தம்தி என்றார்கள். அதில் ‘தமிழ்’ தேடக் கிளம்பிவிடாதே லே!

என்னை உலுக்கியது வேறு. பழைய பாரசீகத் தலைநகரான பெர்சிபோலிஸின் கோட்டைச் சுவரில் 1933இல் ஆயிரக்கணக்கில் களிமண் பலகைகள் கிடைத்தன. பெரும்பாலும் ஈலமியம்தான். யாருக்கு எவ்வளவு வாற்கோதுமை, எவ்வளவு மது என்று படியளந்த கணக்கு. பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தனிப்படி உண்டு. ஆண்பிள்ளை என்றால் பெண்பிள்ளைக்குக் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு. 2,500 வருஷத்துக்கு முன்னால் பெண்குழந்தையோடு பாதிப்படி வாங்கித் திரும்பிய அந்தத் தாயை நினைத்துப் பார். அவளைப் போன்ற தாய்மாருக்கு அளந்த படிக்கணக்கு அந்த மொழியில் இருக்கிறது. நமக்குச் சொந்தம் என்றால்தான் அவளைப் பார்ப்போமா? இத்தனை வருஷம் அந்த மொழியை நம் பெருமைக்குத்தானே இழுத்துவந்தோம்? எனக்கு மனசு ஆறவில்லை.

திங்கட்கிழமை பிள்ளையைக் கூப்பிட்டு, நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போயிற்று. “அப்ப பரிசைத் திருப்பிக் கொடுக்கணுமாய்யா?” என்றாள். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப அது என்ன மொழிங்கய்யா?” என்றாள். தெரியாது என்றேன். “யாருக்குமேவா?” என்று கேட்டாள் பார், கண் அகல. அடுத்த மாதம் இலக்கிய மன்றத்தில் இதையே பேசப்போகிறாள்.

உன் பல்கலைக்கழக நூலகத்தில் மெக்ஆல்பின் நூல் இருக்கிறதா பார். பெயர்ச்சொல்லில் ‘நான்’ ஒட்டுவதைப் பற்றிச் சொல்கிற பக்கங்களையாவது ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. காசு ஆடித் திருவிழாவுக்கு வரும்போது தருகிறேன். கலாவிடம் கேட்டதாகச் சொல்.

உன்,
பேச்சிமுத்து