படுதாக்களை விற்றுவிடாதே

டேய் மணி,

இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். வேறு செய்தி ஒன்றும் இல்லை. வாத்தியார் நாடக மேடைக்கு வரைந்த படுதாக்களை யாருக்காவது தள்ளிவிட்டு குடோனைக் காலி செய்யப் போவதாக எழுதியிருந்தாயே, நான் வருகிறவரை தயவுசெய்து அதில் கை வைக்காதே.

ஸ்டாக்ஹோம் பக்கத்தில் ட்ரொட்னிங்ஹோம் அரண்மனையை ஒட்டி ஒரு நாடக அரங்கு இருக்கிறது. 1766-இல் ராணி லொவிசா உல்ரிக்கா கட்டியது, நானூறு பேர் உட்காரலாம். போன சனிக்கிழமை அங்கே ஓபரா பார்த்தேன். டிக்கெட் விலையைச் சொன்னால் திட்டுவாய், அதை விடு. உள்ளே பளிங்கு மாதிரி தெரிவதெல்லாம் பெயிண்ட், பூவேலைப்பாடு முழுக்கக் காகிதக்கூழ். வாத்தியார் இருந்திருந்தால் "பார்றா, ராஜா வீட்டிலேயே இதுதான்" என்று துள்ளியிருப்பார்.

காட்சி மாற்றும்போது திரையும் போடவில்லை, விளக்கையும் அணைக்கவில்லை. அரண்மனையாக இருந்த மேடையில் இரண்டு பக்கமும் நிற்கிற, காட்சி வரைந்த தட்டிகள் ஒரே நேரத்தில் உள்ளே நழுவ, வேறு தட்டிகள் முன்னே வர, சில நொடிகளில் காடாகிவிட்டது, எனக்குப் புல்லரித்துவிட்டது. மேடைக்கு அடியில் இருக்கும் மரச்சக்கரத்தை ஆட்கள் தள்ளிச் சுற்றுகிறார்கள், கயிறுகள் தட்டிகளை இழுக்கின்றன, அவ்வளவுதான். டொனாட்டோ ஸ்டோபானி என்கிற இத்தாலிக்காரர் செய்த ஏற்பாடு. கடலுக்குத் திருகுதிருகாகச் செதுக்கிய நீள உருளைகள், கைப்பிடியைச் சுற்றினால் அலை புரளும். இடிச் சத்தத்துக்கு, மேடைக்கு மேலே ஒரு மரப்பெட்டி, உள்ளே கற்கள், ஆட்டினால் உருளும். ஆர்.எஸ். மனோகர் நாடகம் பார்த்துவிட்டு பஸ்ஸில் நீ வழியெல்லாம் தூங்கவிடாமல் பேசிக்கொண்டு வந்தாயே, எனக்கு அன்று ராத்திரி அந்த நிலைமைதான், பேசத்தான் ஆளில்லை.

மூன்றாம் குஸ்தாவ் ராஜா 1792-இல் சுடப்பட்டு இறந்த பிறகு இந்த அரங்கைக் கவனிக்க ஆளில்லாமல் போய், நூறு வருஷத்துக்கு மேல் சாமான் போட்டு வைக்கிற இடமாகக் கிடந்திருக்கிறது. 1921-இல் ஆக்னே பேயர் என்கிற ஆராய்ச்சியாளர் ஏதோ ஓவியத்தைத் தேடி வந்தவர், தூசிக்குள் கயிறு, சக்கரம், வரைந்த தட்டிகள் எல்லாம் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறார். அடுத்த வருஷமே மறுபடி திறந்துவிட்டார்கள். நடுவில் யாராவது இடத்தை அடைக்கிறது என்று அந்தத் தட்டிகளை விறகுக்குப் போட்டிருந்தால் இன்றைக்கு நான் எதைப் பார்த்திருப்பேன்? சொல்லு.

நம்ம ஊர்க் கரையான் நூறு வருஷம் காத்திருக்காது, அதுதான் என் பயம். அந்தத் தர்பார் படுதாவில் தூணுக்குப் பின்னால் வாத்தியார் வைத்த நிழல் இருக்கிறதே, அதை இனி யார் போடுவார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து விரி. மடிக்காதே, மடித்த இடத்தில் வண்ணம் உதிரும். நல்ல தடிமனான குழாயில், வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, தரையில் படாமல் வை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பு. குடோன் வாடகை எவ்வளவு என்று கூச்சப்படாமல் சொல், இந்த மாதத்திலிருந்து நான் அனுப்புகிறேன். பொங்கலுக்கு வருகிறேன், மீதியை உட்கார்ந்து பேசலாம்.

அம்மா முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன்,
சேகர்