வெட்டியதைவிடச் சேர்த்ததுதான் உறுத்துகிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஃபேண்டஸி நாவல்கள் படமாகும்போது ஏன் சொதப்புகின்றன என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாவலில் இருந்ததில் பாதி படத்தில் இல்லை என்பதுதான் கட்டுரையாளரின் பெரிய குறை. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மாதிரிப் படங்கள் கெடுவது பெரும்பாலும் வெட்டியதால் அல்ல, சேர்த்ததால்.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954-55ல் மூன்று தொகுதிகளாக வந்த நாவல். பீட்டர் ஜாக்சன் முதலில் இரண்டு படமாகத்தான் திட்டமிட்டார். பணம் போட இருந்தவர்கள் ஒரே படமாகச் சுருக்கச் சொன்னார்கள். அப்புறம் வேறொரு நிறுவனம் வந்து, மூன்றாகவே எடுங்கள் என்றது. அவ்வளவு இடம் கிடைத்தும் 2001 முதல் 2003 வரை வந்த அந்தப் படங்களில் டாம் பாம்படில் கிடையாது. பாட்டும் கூத்துமாகத் திரியும் அந்த ஆளை நாவல் படித்தவர்களால் மறக்க முடியாது. ஆனால் வைத்திருப்பவர் மனதையே கெடுத்துவிடும் அந்தக் கதையின் மந்திர மோதிரம் அவரை ஒன்றும் செய்வதில்லை. அதைப் பார்த்து எல்லோரும் நடுங்குகிறார்கள் என்று நம்மை நம்பவைக்க வேண்டிய நேரத்தில், அதைக் கையில் வாங்கி வேடிக்கை காட்டும் ஒருவரைக் கொண்டுவந்தால் பயம் போய்விடும். வெட்டியது சரி.

ஃபாராமிர் என்ற படைத்தலைவன் விஷயம்தான் சிக்கல். நாவலில் அவன் மோதிரத்துக்கு ஆசைப்படாமல், அதை அழிக்கக் கொண்டுபோகும் ஃப்ரோடோவை அனுப்பிவிடுகிறான். படத்தில் முதலில் ஃப்ரோடோவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான், பிறகுதான் மனம் மாறுகிறான். இதற்காக ஜாக்சனைத் திட்டாத டோல்கீன் வாசகர் குறைவு. எனக்கும் நாவலின் ஃபாராமிரைத்தான் பிடிக்கும். ஆனால் டோல்கீன் அவனை நிதானமாகப் பேசவிட்டு, அவன் எப்படிப்பட்டவன் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நமக்குப் புரியவைக்கிறார். படத்தில் அதற்கு நேரம் ஏது? வந்த வேகத்தில் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லியிருந்தால், அவன் பெரிய மனுஷன் என்று தோன்றியிருக்காது. மோதிரம் அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை என்றுதான் தோன்றியிருக்கும்.

இதே ஜாக்சன் 1937ல் சிறுவர்களுக்காக வந்த 'தி ஹாபிட்' என்ற ஒற்றைப் புத்தகத்தை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக இழுத்தார். நாவலிலேயே இல்லாத டாரியல் என்ற எல்ஃப் இனப் பெண் வந்தாள், அவளுக்கும் ஒரு குள்ளனுக்கும் காதல் வந்தது. முந்தைய படங்களில் வந்த, ஆனால் இந்தப் புத்தகத்தில் தலைகாட்டாத எல்ஃப் வீரன் லெகோலாஸும் வந்து குதித்தான். டிராகன் மேல் இருக்க வேண்டிய பயமெல்லாம் இந்த நெரிசலில் கரைந்துபோனது.

காட்டுவதிலும் கஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போகிறவர்கள், அந்த இருட்டு எங்கே போய் முடிகிறது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எழுத்துக்கு அந்தச் சலுகை உண்டு. கேமரா வைத்துவிட்டால் குகைக்கு ஒரு சுவர் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கு வழி கண்டுபிடிக்கிறார்கள். மந்திரவாதி காண்டால்ஃபைக் கேமராவுக்குப் பக்கத்திலும், ஃப்ரோடோ மாதிரி குட்டையான ஹாபிட் இனத்தவரைத் தள்ளியும் உட்காரவைத்தே பல இடங்களில் உயர வித்தியாசத்தைக் காட்டிவிட்டார்கள். எங்கள் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ், மந்திரக் குகை வரும் அலிபாபா கதையை 1956லேயே தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக எடுத்த கம்பெனி. இன்று ஏற்காடு ரோட்டில் அதன் வளைவு மட்டும் நிற்கிறது. அலிபாபா ஒரு படத்துக்கு அளவான கதை என்பதையும் சொல்ல வேண்டும்.

'பொன்னியின் செல்வன்' ஃபேண்டஸி இல்லைதான். ஆனாலும் ஐந்து பாகங்கள் இரண்டு படங்களாக 2022லும் 2023லும் வந்தபோது மணிமேகலையையே காணோம் என்று எங்கள் வீட்டில் பெரிய சண்டை. நந்தினி, ஆதித்த கரிகாலன் கதையை முதுகெலும்பாக வைத்துக்கொண்ட பிறகு, வந்தியத்தேவன் மேல் அவளுக்கு இருந்த ஒருதலைக் காதலுக்கு இடமில்லை என்பது என் கட்சி. வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சேலத்தில் வெளிநாட்டு ஃபேண்டஸி படங்களைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பவர்கள் நிறையப் பேர். சில படங்களில், மூலத்தில் எங்குமே இல்லாத பஞ்ச் வசனத்தையும் நம்மூர்ப் பட ஜோக்கையும் மந்திரவாதி வாயில் திணித்துவிடுகிறார்கள். தியேட்டரில் கைதட்டல் விழுகிறது, கதை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. வெட்டியதற்கு இரண்டு பக்கம் வருத்தப்பட்ட கட்டுரையாளர், அடுத்த முறை இதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.