முதலில் ஹவுசிங்கைப் பார்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வயதில் டைவிங் பயிற்சியை முடித்துவிட்டாய் என்று படித்தபோது அவ்வளவு சந்தோஷம்! முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் நலம். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள், வீடுதான் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது.

சரி, தண்ணீருக்கடியில் படமெடுக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். மெகாபிக்சலைப் பற்றியே நிறையக் கேட்டிருக்கிறாய். அதை விட்டுவிடு. முதலில் ஹவுசிங்கைப் பார், அதாவது கேமராவை உள்ளே வைத்து மூடும் நீர்புகாத கூட்டை. எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும், எல்லாப் பொத்தான்களையும் வெளியிலிருந்து அழுத்த முடிகிறதா என்று கேள். ஹவுசிங் பெரும்பாலும் ஒரு மாடலுக்கென்றே செய்யப்படுவது. கேமரா பழுதாகி, அதே மாடல் மறுபடி கிடைக்காவிட்டால் ஹவுசிங்கும் வீண்தான்.

உனக்கு நான் சொல்வது ஒலிம்பஸ் டிஜி-6, இல்லாவிட்டால் 2023இல் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7. இரண்டும் ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் தாங்கும். பிறகு ஹவுசிங் எதற்கு என்று கேட்பாய். நீ 18 மீட்டர் வரை இறங்குவாயே! ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. இவற்றுக்கான ஹவுசிங் 45 மீட்டர் வரை தாங்கும். ஆழம் குறைவான இடத்தில் அதில் தண்ணீர் புகுந்தாலும் உள்ளே இருக்கும் கேமரா பிழைத்துக்கொள்ளும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இரண்டு வருடத்துக்கு முன், ஓ-ரிங்கில், அதாவது மூடியில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தில், ஒரு தலைமுடி ஒட்டியிருந்ததைப் பார்க்காமல் ஹவுசிங்கை மூடிவிட்டேன். ஆறு மீட்டரில் அடியில் தண்ணீர் தேங்குவது தெரிந்தது. மேலே வருவதற்குள் கேமரா போய்விட்டது. அது சாதாரணச் சின்னக் கேமரா, நீர் தாங்காதது. இன்று நினைத்தாலும் மனசு வலிக்கிறது. அதனால் புது ஹவுசிங் வாங்கியதும் உள்ளே டிஷ்யூ பேப்பர் மட்டும் வைத்துத் தண்ணீரில் முக்கிப் பார். பேப்பர் காய்ந்திருந்தால் அப்புறம் கேமராவை வை. டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிடு.

படம் துல்லியமாக வேண்டுமென்றால் சோனி ஆர்எக்ஸ்100 வரிசை இருக்கிறது. ஒளியைப் பிடிக்கும் சென்சார் அதில் பெரியது, ஒரு அங்குல வகை, மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக வரும். ஆனால் ஹவுசிங் கசிந்தால் அதோடு முடிந்தது. தவிர, டிஜியில் லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூட ஃபோகஸ் செய்யலாம். கடல் நத்தையின் கொம்பைப் படமெடுக்க அதுபோல வேறொன்று எனக்குத் தெரியாது.

நிறத்தைப் பற்றி: தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். சில மீட்டரிலேயே மங்க ஆரம்பிக்கும், அப்புறம் எல்லாம் நீலமும் பச்சையுமாகிவிடும். இறங்க இறங்க நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மாற்றிக்கொண்டே இரு, பிறகு கம்ப்யூட்டரில் திருத்த வசதியாக ரா (RAW) கோப்பாகவும் எடு. கேமராவின் சொந்த ஃபிளாஷ் லென்ஸுக்கு ஒட்டியே இருப்பதால் மிதக்கும் துகளெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக விழும். பிற்பாடு ஒரு ஸ்ட்ரோப், அதாவது தனி ஃபிளாஷ், வாங்கிப் பக்கவாட்டில் தள்ளிப் பொருத்திக்கொள். அதுவரை நெருங்கிப் போ, இன்னும் நெருங்கிப் போ. உனக்கும் மீனுக்கும் நடுவில் தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதல் சில டைவுகளுக்குக் கேமராவே வேண்டாம். தண்ணீரில் அசையாமல் மிதக்கப் பழகு. படத்துக்காக ஒரு பவளத்தின் மேல் உன் காலில் மாட்டிய துடுப்பு இடித்துவிடக் கூடாது.

உனக்குச் சின்ன உயிர்கள் பிடிக்குமா, பெரிய மீன் கூட்டமா? அதை எழுது, எந்த லென்ஸ் வாங்கலாம் என்று சொல்கிறேன்.

உன்,
ராமு