சின்னண்ணாவுக்கு, புள்ளிக் கணக்கு தொடர்பாக

சின்னண்ணா,

2025 ஒக்டோபர் 30 உடன், யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் வெளியேறிய 1995 இடப்பெயர்வுக்கு 30 ஆண்டுகள் ஆகிவிட்டன. முகநூல் முழுவதும் அதே பழைய படங்கள். நீங்களும் ஒன்றைப் பகிர்ந்திருந்தீர்கள், கண்ணீர்த் துளியுடன். அந்த இரவில் நீங்கள் ரொறன்ரோவில் இருந்தீர்கள் என்று இங்கே எழுதுவது சிறுமைதான். எழுதிவிட்டேன், கிடக்கட்டும்.

உங்கள் கேள்விக்கு இன்று பதில் தருகிறேன். என்ன கேள்வி என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும்.

1990, யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகை நடந்த மாதங்கள். பங்கருக்கு மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை, உள்ளே ஜாம் போத்தல் விளக்கு. குண்டைவிடப் பாம்புக்குத்தான் அம்மா பயந்தார். நீங்கள் அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு விளையாட்டைத் தொடங்கினீர்கள்: எந்தச் சாவுக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி? குண்டுக்கு ஒளித்த இடத்தில் பாம்பு கடித்துச் சாவதற்கு இரண்டு. பனங்காய் தலையில் விழுந்து சாவதற்கு நான்கு. கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் மொட்டைத் தலையைப் பாறை என்று நினைத்துக் கழுகு ஒன்று ஆமையைப் போட்டதாம். ஆகவே பனங்காய்ச் சாவுக்கு இலக்கிய அந்தஸ்து உண்டு என்றீர்கள்.

பூச்சியம் எதற்கு என்பதில் சண்டையே வரவில்லை. அப்போது விமானத்திலிருந்து மலம் நிரப்பிய பீப்பாய்களும் விழுவதாக ஊரெல்லாம் பேச்சு. குண்டில் போனால் நாலு பேர் அழுவார்கள், பீப்பாயில் போனால் என்ன செய்வது? நீங்கள் வானொலிக் குரலில் வாசித்தீர்கள்: “அன்னார் அகால மரணமானார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் மூக்கைப் பொத்தியபடி ஏற்றுக்கொள்ளவும்.” ஐயா சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார்.

அம்மம்மாவுக்கு வெளியே போகவேண்டிய அவசரம். மேலே இரைச்சல் அடங்கவில்லை. அவரை இருத்திவைக்க நீங்கள் தைக்கோ பிராகேயின் கதையைச் சொன்னீர்கள். 1601 இல் பிராக் நகரத்து விருந்தொன்றில் பாதியில் எழுவது மரியாதையல்ல என்று சிறுநீரை அடக்கி, 11 நாட்களில் செத்துப்போன வானியல் அறிஞர். (நஞ்சு வைத்தார்கள் என்றும் ஒரு சந்தேகம் இருந்தது. 2010 இல் தோண்டி எடுத்து ஆராய்ந்தார்கள். கொல்லும் அளவுக்குப் பாதரசம் இல்லை. பழி மறுபடி சிறுநீர்ப்பையின் தலையில்.) அம்மம்மா கதையை முழுவதும் கேட்டார். “அவனுக்கு மரியாதை முக்கியம், எனக்கு இல்லை” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். எங்கேயோ இரண்டு குண்டுகள் விழுந்தன. சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு திரும்பி வந்து இருந்தார்.

“என்னுடையதையும் எழுது. பின்னேரத் தேநீர் குடிக்கவேண்டும். பேணியை நானே கழுவிக் கவிழ்க்கவேண்டும். சாய்மனைக் கதிரையில் சாயவேண்டும். ஒருவரும் என்னைத் தூக்கி இருத்தக் கூடாது.”

நீங்கள் பத்துக்குப் பத்து போட்டீர்கள். அந்த விளையாட்டில் வேறு ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை.

1995 ஐப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். யார் அறிவித்தார்கள், ஏன் போகச் சொன்னார்கள், போகாமல் இருந்திருக்கலாமா என்பதெல்லாம் இந்த இடத்தில் வேண்டாம், படிப்பவர்கள் பலவிதம். மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தில் நடந்தோம் என்று சொல்வது பொய், சனம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அம்மம்மா போய்விட்டார். அந்த அளவுதான் உங்களுக்கு எழுதினேன்.

மாதங்கள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. இரண்டு பக்கம் அழுகை. கடைசியில் தனி வரியாக: “எத்தனை புள்ளி போட்டாய்?”

நான் அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பதிலும் போடவில்லை. கேள்வி சரியானதுதான், கேட்க உரிமையுள்ள ஒரே ஆளும் நீங்கள்தான். அதுதான் பொறுக்கவில்லை. செத்தவர் இல்லாத நாட்டில் இருந்துகொண்டு புள்ளி கேட்கலாம்; பாயை உதறி மடித்தவளுக்கு அது அவ்வளவு இலகுவல்ல. நீங்கள் மோசமாகக் கற்பனை செய்துகொண்டு கிடக்கட்டும் என்று விட்டேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் போலவும் இருக்கிறது, கேட்காமல் விட்டால் நல்லது போலவும் இருக்கிறது.

நடந்தது இதுதான். பக்கத்துக் குடும்பம் ஒன்று தேநீர் தந்தது, சீனி இல்லை, பனங்கட்டியில் ஒரு கடி. குடித்து முடித்ததும் பேணியை வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை. தாழ்வாரத்தில் ஒழுகிய மழைத் தண்ணீரில் அதைப் பிடித்து, பெருவிரலை உள்ளே விட்டுச் சுற்றித் தேய்த்து, ஊற்றி, மறுபடி தேய்த்து, அரைச் சுவரில் கவிழ்த்து வைத்தார். அடுக்கிக் கிடந்த வாங்குகளில் சாய்ந்தார். நித்திரை என்றுதான் நினைத்தோம்.

ஒன்பது போட்டேன், சின்னண்ணா. கதிரைக்கு ஒன்று கழித்தேன். பெட்டிக்குப் பலகை கிடைக்கவில்லை, ஆனால் பெட்டி அவர் கேட்ட பட்டியலில் இல்லை.

இனி என் கணக்கு. என் உடலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு எழுதிக் கொடுக்கத் தீர்மானித்துவிட்டேன். மாமி இதைப் படிப்பார் என்று தெரியும். மாமி, ஆத்துமா அந்தரிக்காது. கீரிமலையில் எள்ளுத் தண்ணீர் இறைக்க உடம்பு தேவையில்லை. சனிப்பிணம் தனிப்போகாது என்ற பயமும் இல்லை, ஒரு கோழிக்குஞ்சாவது தப்பும்.

நேரலையும் இல்லை. அம்மாவின் செத்தவீட்டில் கமராக்காரர் “கொஞ்சம் விலகுங்கள், கனடா பார்க்கிறது” என்று அழுதுகொண்டிருந்தவர்களை ஒதுக்கினார். தேவாரம் சரியாகக் கேட்கவில்லை என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் எழுதினீர்கள். அந்தக் கமராவுக்குக் காசு அனுப்பியதும் நீங்கள்தான், வீட்டுக் கூரைக்கு அனுப்பியதும் நீங்கள்தான். வரமுடியாதவர் வேறென்ன செய்வார் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தத் தேவாரச் செய்தி நெஞ்சில் கிடக்கிறது.

நெருங்கிய உறவினரின் சம்மதம் இருந்தால் பின்னால் இழுபறி வராது. ஒப்பமிட்டு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரேத பரிசோதனை செய்த உடலைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள் என்பதால் பனைகளுக்குக் கீழே நடப்பதை விட்டுவிட்டேன். எனக்கு நீங்கள் புள்ளி போடவேண்டாம். அதை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் தங்கச்சி