பழைய கமாரோவுக்குப் புதிய டேஷ் பேட்

ஃபெர்ன்டேல், மிச்சிகன்
ஜூன் மாதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம்.

இங்கு நானும் உங்கள் மருமகளும் நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். “அமெரிக்கா போயும் குஷன் வேலைதானா, அப்படி அங்கே என்னதான் தைக்கிறாய்?” என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். தைப்பது குறைவு, பெரியப்பா. பிரிப்பதும் ஒட்டுவதும் பொருத்துவதும்தான் மிகுதி. ஒரு வேலையை முழுவதுமாகச் சொன்னால் மற்றவை உங்களுக்கே விளங்கிவிடும் என்பதால், அண்மையில் ஒரு பழைய காருக்கு டேஷ் பேட், அதாவது டேஷ்போர்டின் மேல் இருக்கும் மெத்தை, மாற்றியதைப் பற்றி மட்டும் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

வண்டி 1969-ஆம் ஆண்டு மாடல் செவர்லே கமாரோ. உடம்பு அளவாகவும் எஞ்சின் அளவுக்கு மீறியும் இருக்கும் இத்தகைய வண்டிகளை இங்கே மசில் கார் என்கிறார்கள். 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வெளிவந்து விற்பனையில் பாய்ந்து சென்றதைக் கண்டு, அதற்குப் போட்டியாகச் செவர்லே 1966 செப்டம்பரில் இறக்கியதுதான் கமாரோ. எங்களிடம் வந்த வண்டியில் 350 கன அங்குல வி-8 எஞ்சின், 300 குதிரைத்திறன். நம் கணக்கில் ஏறத்தாழ 5.7 லிட்டர். நம் பட்டறைக்கு வந்து நின்ற டாடா லாரிகளின் 697 எஞ்சினும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு லாரியை இழுக்கும் எஞ்சினை நான்கு பேர் உட்காரும் காரில் வைத்தவர்களின் மனம் எப்படி வேலை செய்திருக்கும் என்று நான் இன்னும் வியந்துகொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வண்டி நெடுங்காலம் அரிசோனா மாநிலத்தில் இருந்தது. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்கள் இருக்கும் மிச்சிகனில் பனிக்காலம் முழுவதும் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள்; டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அந்த உப்புநீர் தெறித்துத் தெறித்து இந்த ஊர்ப் பழைய வண்டிகளின் அடித்தகடு துருவேறி உதிர்ந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் ரெக்சின் வேலையெல்லாம் ஓரளவு தப்பித்திருக்கும். அரிசோனாவில் இதற்கு நேர்மாறு. அங்கே காற்று உலர்ந்தது என்பதால் இரும்பு அப்படியே இருக்கும். வெயிலோ உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். கோடையில் ஃபீனிக்ஸ் நகரத்தில் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு ஒரு மணி நேரத்தில் 70 டிகிரி செல்சியஸை நெருங்கிவிடுகிறது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் அரிசோனாவில் உடம்பு கெடாத வண்டியை வாங்கி லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து, அதன் உள்வேலையை எங்களைப் போன்ற பட்டறைகளிடம் ஒப்படைக்கிறார்கள்.

டேஷ் பேட் வெடிப்பது வெறும் சூட்டினால் மட்டும் அன்று. பேடின் மேல்தோலான வினைல் இயல்பில் விறைப்பான பொருள்; அதை வளையும்படி வைத்திருக்க எண்ணெய் போன்ற ஒரு சேர்மானத்தைக் கலக்கிறார்கள். வெயிலில் அந்தச் சேர்மானம் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறுகிறது. வெயிலில் நின்ற காரின் முன் கண்ணாடியை உள்பக்கம் துடைத்தால் துணியில் பிசுபிசுப்பாக ஒரு படலம் ஒட்டுமே, அதில் இதற்கும் பங்கு உண்டு. சேர்மானம் போன பிறகு தோல் சுருங்கப் பார்க்கும். அடியில் உள்ள விறைப்பான தகடு அதைச் சுருங்க விடாது. எனவே ஸ்பீக்கர் துளை, காற்று வரும் துளை ஆகியவற்றின் மூலைகளிலிருந்து பித்த வெடிப்புப் போலக் கோடு கிளம்பும். வெடிப்பு வழியே ஒளியும் காற்றும் இறங்கியதும் உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு மஞ்சளாகிப் பொடிந்துவிடும். இந்த வண்டியின் பேடை விரலால் அழுத்தியபோது ரவை கொட்டுவது போன்ற ஓசை கேட்டது.

இந்தப் பேட் அழகுக்காக மட்டும் வைத்ததன்று. முன்பெல்லாம் பெரும்பாலான கார்களில் பெயின்ட் அடித்த வெறும் இரும்புத் தகடுதான் டேஷ்போர்டு. மோதினால் முகம் அதில் போய் விழும். 1966 செப்டம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி வந்த விதிகளில் ஒன்று, 1968 ஜனவரி 1 முதல் காரின் உட்புறம் மோதலைத் தாங்கும்படி அமைந்திருக்க வேண்டும் என்பது. உள்ளே ஸ்பாஞ்சு பொடிந்த பேட் பார்வைக்கு இருந்தாலும் அந்த வேலையைச் செய்யாது.

கார் உரிமையாளர் வண்டி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வெடித்த பேடின் மேலேயே மெல்லிய பிளாஸ்டிக் மூடி ஒன்றை ஒட்டிவிடலாம். அது மலிவு, ஒரு மதியப் பொழுதில் முடிந்துவிடும், ஆனால் விளிம்பில் தடிப்பாகத் தெரியும். இல்லையேல் பழைய பேடையே கழற்றி அனுப்பி, தோலை உரித்து, ஸ்பாஞ்சைச் சரிசெய்து, சூடாக்கிய வினைலை வெற்றிடத்தால் உறிஞ்சி அச்சாகப் படியவைத்து வாங்கலாம். இதில் பழைய சட்டம் அப்படியே இருப்பதால் பொருத்தம் சிறப்பாக இருக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும், செலவும் கூடும். மூன்றாவது, பழைய அச்சைப் பார்த்துப் புதிதாகச் செய்து விற்கும் பேடைச் சில நூறு டாலர் கொடுத்து வாங்குவது. ஐம்பது ஆண்டுக்கு மேலான ஒரு காருக்கு, அதிலும் ஏசி உள்ள வண்டிக்கு ஒன்று, இல்லாத வண்டிக்கு வேறொன்று என்று இன்றும் புதிதாகச் செய்து அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறார்கள் என்றால் இந்த நாட்டில் இத்தொழில் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமையன்று உட்வர்ட் அவென்யூவில், எங்கள் ஊர் வழியாகவே, ஆயிரக்கணக்கான பழைய கார்கள் ஊர்வலம் போகும். 1995 முதல் நடக்கிறது. அதற்குள் வண்டி தயாராக வேண்டும் என்பதால் அவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தார்.

அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: 1969-இல் ஆலையை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். நம் நாமக்கல்லில் கேபின் வேலைக்கு வரும் லாரி உரிமையாளர், “போன தடவையைவிட எடுப்பாக இருக்கட்டும்” என்று சொல்லி, சிவப்பு ரெக்சினுக்கு மஞ்சள் பைப்பிங் கேட்பார். நீங்களும் உங்கள் கைவண்ணத்தைக் காட்டுவீர்கள். இங்கே என் கைவண்ணம் தெரிந்துவிட்டால் அது குறை. தோலின் வரிப்பதிவு, அதன் மங்கலான கறுப்பு, ஸ்க்ரூவின் தலை வரை பழையதையே ஒத்திருக்க வேண்டும். இது எனக்கு முதலில் கசப்பாகத்தான் இருந்தது. இப்போது அதிலும் ஒரு சவால் இருப்பது தெரிகிறது. இருந்தாலும், மஞ்சள் பைப்பிங் கேட்கும் மனிதர்தான் தம் வண்டியோடு அதிகம் வாழ்கிறவர் என்ற என் எண்ணம் மாறவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். முதலில் பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றினோம். ஐம்பது ஆண்டு கண்ட ஒயரின் மேலுறை தொட்டாலே உடையும். எங்கேயாவது உரசிப் பொறி பறந்தால் வண்டியே போய்விடும். கமாரோவில் பேட் மேலிருந்து எடுக்கும்படி இல்லை. மீட்டர்களுக்கு மேலே பேடின் உதட்டில் சில ஸ்க்ரூக்கள் கண்ணுக்குத் தெரியும். மற்றவை பேடோடு சேர்ந்த தண்டுகளில் பின்பக்கமிருந்து மாட்டிய நட்டுகள். அவற்றைத் தொட வேண்டுமானால் ஒரு பக்கம் மீட்டர் பெட்டியையும் மறுபக்கம் சாமான் பெட்டியையும் எடுத்தாக வேண்டும். மீட்டர் பெட்டி வெளியே வர ஸ்டியரிங் தண்டின் பிடிப்பைத் தளர்த்திச் சற்றே கீழே இறக்கி, பின்னால் கையை விட்டு ஸ்பீடாமீட்டர் கேபிளைத் திருகிக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு ஒயருக்கும் டேப் ஒட்டி எழுதினேன். ஒவ்வோர் இடத்து ஸ்க்ரூவையும் முட்டை அட்டையின் தனித்தனிக் குழியில் போட்டேன். நீங்கள் சொல்லித் தந்த பழக்கம்தான்: பிரிக்கும்போது சோம்பினால் மூட்டும்போது அழ வேண்டியிருக்கும்.

பழைய பேட் துண்டாகத்தான் வந்தது. முகமூடி இல்லாமல் அந்தப் பொடிக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது. அடியில் இருந்த இரும்பைத் துடைத்துப் பார்த்தபோது ஆலையில் அடித்த பெயின்ட் வெயில் படாமல் அப்படியே இருந்தது. துருவின் சுவடே இல்லை. மிச்சிகன் வண்டியாக இருந்திருந்தால் முன் கண்ணாடியின் ஓரத்தில் தண்ணீர் கசிந்து, அங்கே முதலில் வெல்டிங் வேலை பார்த்திருக்க வேண்டும்.

ஓட்டுநர் பக்கம் கண்ணாடியை ஒட்டி, டேஷ்போர்டுத் தகட்டில் ரிவெட் அடித்த சிறு பட்டை ஒன்று இருக்கிறது. வண்டியின் பிறப்புச் சான்று என்றே அதைச் சொல்லலாம். 124379 என்று தொடங்கி அடுத்து எல் என்ற எழுத்து வரும். முதல் 1 செவர்லேயைக் குறிக்கும், 24 என்பது எட்டு சிலிண்டர் கமாரோ, 37 இரண்டு கதவுக் கூரை வண்டி, 9 என்பது 1969-ஆம் ஆண்டு. எல் என்றால் கலிஃபோர்னியாவில் வான் நைஸ் ஆலையில் செய்தது. ஒஹையோவின் நார்வுட் ஆலையில் செய்திருந்தால் என் என்று இருக்கும். அந்தப் பட்டையைக் கழற்றுவதோ மாற்றுவதோ கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகும் என்பதால், அதன் மேல் தடித்த டேப்பை ஒட்டிவிட்டுத்தான் முதலாளி எங்களைக் கிட்டேயே விட்டார்.

புதிய பேட் பெட்டியிலிருந்து வந்த நிலையிலேயே உட்காராது. அழுந்திப் பயணம் செய்ததால் அதன் முனைகள் மடங்கியிருந்தன. அதை வெளியே எடுத்துச் சமதளத்தில் வைத்து, ஜூன் வெயிலில் காய விட்டோம். எந்த வெயில் பழைய பேடைக் கொன்றதோ அதே வெயில்தான் புதியதை வழிக்குக் கொண்டுவந்தது. பிறகு பசையோ ஸ்க்ரூவோ இல்லாமல் வெறுமனே வைத்துப் பார்த்தோம். இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நடுவில் சரியாக இருந்தால் இடது முனை கண்ணாடித் தூணில் முட்டும். முனையைச் சரிசெய்தால் மீட்டருக்கு மேல் இடைவெளி விழும். பனிக்காலத்தில் கண்ணாடிக்குச் சூடான காற்றை அனுப்பும் துளை ஒரு நூல் விலகி நிற்கும். தூண் ஓரத்தை அடிப்பக்கமாக மட்டும் சீவி, முனையை ஹீட் கன்னால் மிதமாகச் சூடேற்றி, கையால் அழுத்தி ஆறும் வரை பிடித்திருந்தேன். சூடு கூடினால் வரிப்பதிவு மழுங்கிப் பளபளப்பாகிவிடும். பிறகு அதை மீட்க முடியாது. எல்லா நட்டுகளையும் தளர்வாக ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் மாற்றி மாற்றி முறுக்கினோம். முறுக்குவதிலும் அளவு வேண்டும். அதிகம் முறுக்கினால் தண்டு பேடிலிருந்து பிய்ந்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு உரிமையாளர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து வெளியே பார்த்தார். பேடின் மினுமினுப்பு கண்ணாடியில் நிழலாடுகிறது என்றார். உண்மைதான், பழைய பேட் வேண்டுமென்றே மங்கலாகச் செய்யப்பட்டிருந்தது. வினைலுக்கான மங்கிய கறுப்புச் சாயத்தை மெல்லிய படலமாக இருமுறை தெளித்தோம். நிழல் மறைந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாவியைத் திருப்பி எஞ்சினை முடுக்கியதில் எங்கள் முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்குக் காது அடைத்துவிட்டது.

அடுத்து வந்திருக்கும் வண்டிக்குத்தான் உங்கள் யோசனை வேண்டும். அது 1987-இல் கிரைஸ்லர் வாங்கிக்கொண்ட அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பழைய கார். கமாரோவைப் போல விற்காத வண்டி என்பதால், அதன் பேடைப் புதிதாகச் செய்து விற்பவர் ஒருவரும் எங்கள் முதலாளிக்கு அகப்படவில்லை; பழைய சட்டத்தின் மேலேயே நாங்கள் ஸ்பாஞ்சு வைத்து, தோல் இழுத்து ஒட்ட வேண்டும். இரு முனைகளிலும் பந்தின் மேற்பகுதியைப் போல வளைவு இருக்கிறது. நம் லாரி கேபினில் அத்தகைய மூலையில் ஒரு சுருக்கம்கூட விழாமல் நீங்கள் ரெக்சினை இழுத்து ஒட்டுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் பசையை எவ்வளவு நேரம் காயவிட்டு இழுக்கத் தொடங்குவீர்கள், இழுப்பை நடுவில் தொடங்குவீர்களா, வளைவின் உச்சியில் தொடங்குவீர்களா என்பதை அன்று கேட்டுக்கொள்ளவில்லை. அத்துடன் ரெக்சினின் எந்தப் பக்கம் அதிகம் நீளும் என்று நீங்கள் கையாலேயே கண்டுபிடிப்பீர்களே, அதையும் விவரமாக எழுதுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் தம்பியிடம் சொல்லி, நீங்கள் ஒரு மூலையை ஒட்டுவதை அலைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வண்டி அடுத்த மாதம் வரை பட்டறையில்தான் நிற்கும்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். முழங்கால் வலிக்கு மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்